‘விற்க மாட்டோம்’ என்ற வரியை எடுத்துவிட்டார்களே, உலாவியை மாற்றிவிடட்டுமா?

கேள்வி: தாலுகா அலுவலகத்துக்கு எதிரே இ-சேவை மையம் நடத்துகிறேன். 11 ஆண்டுகளாகப் பயர்பாக்ஸ்தான். கடைக்குக் கணினி போட்டுக்கொடுத்த தம்பி, “அக்கா, உங்கள் தகவலை விற்காத உலாவி இது ஒன்றுதான்” என்று சொல்லி நிறுவிக்கொடுத்தார். அதை நம்பி, கேட்கிறவர்களிடமும் அப்படியே சொல்லிவந்தேன். இப்போது அந்த நிறுவனம் ‘விற்க மாட்டோம்’ என்ற வாக்கியத்தையே எடுத்துவிட்டது, நாம் அடிக்கும் எழுத்துக்கெல்லாம் உரிமை எழுதி வாங்கிக்கொண்டது என்று கல்லூரியில் படிக்கும் என் மகன் சொல்கிறான். பிரேவ் என்ற உலாவிக்கு மாறச் சொல்கிறான். கடைக்கு வரும் ஆசிரியர் ஒருவர் லிப்ரவுல்ஃப் என்ற இன்னொரு உலாவியைப் போடச் சொல்கிறார். ஒரு நாளைக்கு 40, 50 பேருடைய ஆதார் எண்ணை என் கையால் அடிக்கிறேன். அவையெல்லாம் அவர்களிடம் போய்விட்டனவா? எதற்கு மாறுவது? இத்தனை காலம் நம்பிச் சொன்னேனே, இனி வருகிறவர்களிடம் என்ன சொல்வது?

ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களைத் தூங்கவிடாத கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த எண்கள் அவர்களிடம் போகவில்லை. அரசுத் தளத்தின் படிவத்தில் நீங்கள் அடிக்கும் ஆதார் எண், உங்கள் கணினியிலேயே பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டு நேராக அந்தத் தளத்தின் சர்வருக்குப் போகிறது. நடுவில், பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் கைக்கு அது வருவதில்லை. பயர்பாக்ஸின் மூல நிரல் யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கும்படி திறந்து கிடக்கிறது. படிவத்தில் அடிப்பதை அது திருட்டுத்தனமாக வேறு எங்காவது அனுப்பினால் வெகுநாள் மறைத்துவைக்க முடியாது. அந்த 40, 50 பேருக்கு நீங்கள் துரோகம் செய்துவிடவில்லை.

ஆனால் உங்கள் கோபம் நியாயமானது. அது ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன். உங்கள் மகன் சொன்னதில் பாதி சரி, பாதி தவறு. தவறான பாதியைக் கேட்டுத்தான் நீங்கள் அதிகம் பயந்திருக்கிறீர்கள்.

பயர்பாக்ஸின் முதல் முழுப் பதிப்பு 2004 நவம்பரில் வெளிவந்தது. அதன்பின் 20 ஆண்டுகளுக்கு மேல், ‘பயன்பாட்டு விதிமுறைகள்’ என்ற பெயரில் ஓர் ஒப்பந்தம் அதற்கு இருந்ததில்லை. 2025 பிப்ரவரி 26 அன்று முதன்முறையாக அப்படி ஒன்றை மொசில்லா வெளியிட்டது. பயர்பாக்ஸ் வழியாக நீங்கள் பதிவேற்றும் அல்லது உள்ளிடும் தகவலைப் பயன்படுத்த, உலகளாவிய, கட்டணமில்லாத உரிமத்தை எங்களுக்குத் தருகிறீர்கள் என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்தவர்கள் கொதித்துப்போனார்கள். இரண்டே நாளில் மொசில்லா அந்த வரியைத் திருத்தியது. நீங்கள் கேட்கும் வேலையைச் செய்துதருவதற்கு மட்டுமே இந்த உரிமம், உங்கள் உள்ளடக்கத்தின் மீது எங்களுக்கு எந்த உடைமையும் இல்லை என்று வெளிப்படையாகச் சேர்த்தது. ஆக, எழுத்துக்கெல்லாம் உரிமை எழுதி வாங்கிக்கொண்டார்கள் என்பது இன்றைய வாசகத்துக்குப் பொருந்தாது. வழக்கறிஞர்கள் அகலமாக எழுதிவிட்டார்கள், ஊர் திட்டியதும் சுருக்கிக்கொண்டார்கள். அந்த மட்டில் அது முடிந்த கதை.

முடியாதது இன்னொன்று. அதே நாட்களில், ‘பயர்பாக்ஸ் உங்கள் தகவலை விற்கிறதா?’ என்ற கேள்விக்கு, ‘இல்லை, விற்றதும் இல்லை, விற்கப்போவதும் இல்லை’ என்று பல ஆண்டுகளாக அவர்கள் வைத்திருந்த பதிலை எடுத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு, சில இடங்களில் சட்டம் ‘விற்பனை’ என்ற சொல்லுக்குத் தரும் பொருள் மிக அகலமானது என்றார்கள். கலிஃபோர்னியாவின் தனியுரிமைச் சட்டத்தை எடுத்துக்காட்டினார்கள். அந்தச் சட்டப்படி, பணம் கைமாற வேண்டும் என்பதில்லை. மதிப்புள்ள வேறு ஏதாவது ஆதாயத்துக்காகத் தகவலைப் பிறருக்குக் கொடுத்தாலும் அது விற்பனைதான். இந்த விளக்கம் பொய் அல்ல. ஆனால் கூடவே அவர்கள் ஒப்புக்கொண்டதைக் கவனியுங்கள். புதிய தாவலைத் திறந்தால் தெரியும் விளம்பரங்கள், தேடும்போது வரும் கட்டணப் பரிந்துரைகள் ஆகியவற்றுக்காகக் கூட்டாளி நிறுவனங்களுடன் சில தகவல்களைப் பகிர்கிறோம். ஆளை அடையாளம் காட்டுபவற்றை நீக்கிவிட்டோ, பலருடையதை ஒன்றாகத் திரட்டியோதான் பகிர்கிறோம் என்றார்கள். அதாவது வாக்குறுதியை எடுக்கச் சட்டம் மட்டும் காரணமாக இல்லை. அந்த வாக்குறுதிக்கு முழுசாகப் பொருந்தாத வேலை ஒன்றும் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.

அதற்கு முந்திய ஆண்டே அறிகுறி தெரிந்தது. 2024 ஜூனில் அனோனிம் என்ற விளம்பரத் தொழில்நுட்ப நிறுவனத்தை மொசில்லா வாங்கியது. ஜூலையில் வந்த 128-ஆம் பதிப்பில், விளம்பரங்களின் பலனை அளக்கும் ஓர் அம்சத்தை, பயன்படுத்துவோரைக் கேட்காமலே இயக்கிவிட்டது. ஆளை அடையாளம் காட்டாமல் அளக்கும் முறைதான் அது. வடிவமைப்பில் அக்கறை இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்காமல் இயக்கியதுதான் தவறு. ஆஸ்திரியாவின் நாய்ப் என்ற தனியுரிமை அமைப்பு செப்டம்பரில் இதைப் புகாராகவே கொண்டுபோனது.

ஏன் இந்த நிலை? பணம்தான். உலாவியை இலவசமாகத் தந்தாலும், அதைச் செய்கிறவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கிறது; நாள்தோறும் புதிது புதிதாக வரும் ஓட்டைகளை அடைக்க ஆள் வேண்டும். மொசில்லாவின் வருமானத்தில் மிகப் பெரும்பகுதி, பயர்பாக்ஸில் கூகுளை இயல்புத் தேடுபொறியாக வைப்பதற்காகக் கூகுள் தரும் தொகை. 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவருகிறது என்று தீர்ப்பளித்தார். அந்தத் தொகையே நின்றுபோகுமோ என்ற அச்சம் மொசில்லாவுக்கு வந்தது. 2025 செப்டம்பரில் வந்த அடுத்த உத்தரவு, மற்றத் தேடுபொறிகளுக்கு இடமில்லாமல் செய்யும் பிரத்தியேக ஒப்பந்தமாக இல்லாதவரை கூகுள் பணம் தரலாம் என்று விட்டுவைத்ததால் மூச்சு திரும்பியது. ஆனாலும் ஒரே வாடிக்கையாளரை நம்பிக் கடை நடத்துகிறவரின் கலக்கம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கலக்கத்தில்தான் அவர்கள் விளம்பரத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். புரிந்துகொள்கிறேன்; ஆனால் அதற்காக அந்த வரியை அவர்கள் எடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் கடைக்கு உலாவி போட்டுக்கொடுத்த தம்பியைப் போல எத்தனையோ பேர், அந்த ஒரு வரியைச் சொல்லித்தான் பயர்பாக்ஸை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

சரி, வேறு எங்கே போவது? அங்கும் வாக்குறுதிகளின் கதை இதைவிட நன்றாக இல்லை.

குரோமில் ‘இன்காக்னிட்டோ’ என்று ஒரு சாளரம் இருக்கிறது. கறுப்புத் தொப்பி, கண்ணாடிப் படத்தைப் பார்த்து, இதில் யாரும் நம்மைப் பார்க்க முடியாது என்று கோடிக்கணக்கானோர் நம்பினார்கள். அதில் உலாவும்போதும் கூகுள் தகவல் திரட்டியது என்று 2020-இல் கலிஃபோர்னியாவில் வழக்குத் தொடுத்தார்கள். 2024-இல் சமரசமாக, திரட்டிய பதிவுகளில் நூற்றுக்கணக்கான கோடியை அழிக்கக் கூகுள் ஒப்புக்கொண்டது. ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு நம்மைப் பின்தொடரும் மூன்றாம் தரப்புக் குக்கிகளை இரண்டு ஆண்டுகளில் ஒழித்துவிடுவோம் என்று 2020 ஜனவரியில் கூகுள் சொன்னது. தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் கைவிட்டது. ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சிலேயே அவற்றை முழுதும் தடுத்துவிட்டது. பயர்பாக்ஸ் 2022 ஜூனில் ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனி டப்பாவில் அடைத்துவைக்கும் முறையை எல்லோருக்கும் இயல்பாக்கியது. அவர்களால் முடிந்தது குரோமால் முடியாமல் போனதற்கு முக்கியக் காரணமாக நான் பார்ப்பது, குரோமின் முதலாளி விளம்பரத் தொழில் செய்கிறவர் என்பதுதான்.

உங்கள் மகன் சொல்லும் பிரேவ் நல்ல உலாவி. நிறுவியதுமே விளம்பரங்களையும் பின்தொடரும் நிரல்களையும் தடுத்துவிடுகிறது. ஆனால் 2020-இல், ஒரு கிரிப்டோ நாணயச் சந்தையின் முகவரியை அடித்தால் தன் தரகுக் குறியீட்டையும் அதனுடன் தானாகவே சேர்த்துக்கொண்டதைப் பயன்படுத்துவோர் கண்டுபிடித்தார்கள். நிறுவனர் பிரெண்டன் ஐக் தவறென்று ஒப்புக்கொண்டு நிறுத்தினார். டக்டக்கோ, யாரும் பின்தொடராத உலாவி என்று சொல்லிக்கொண்டிருந்தது. தேடலுக்காக மைக்ரோசாஃப்டுடன் போட்ட ஒப்பந்தத்தின் காரணமாக அந்த நிறுவனத்தின் நிரல்களில் சிலவற்றை மட்டும் விட்டுவைக்கிறது என்று 2022 மே மாதத்தில் ஓர் ஆய்வாளர் காட்டிக்கொடுத்தார். ஆகஸ்டில் அதைச் சரிசெய்தார்கள். எல்லாவற்றிலும் கொடியது அவாஸ்ட். கணினிக்குக் காவல் என்று சொல்லி வீட்டுக்குள் வந்து, உலாவி நீட்சி (உலாவியோடு சேர்த்துப் போடும் சிறு நிரல்) வழியாகவும் வைரஸ் தடுப்பு மென்பொருள் வழியாகவும் மக்கள் எந்தத் தளங்களுக்குப் போகிறார்கள் என்பதைத் திரட்டி, துணை நிறுவனம் ஒன்றின் மூலம் விற்றது. அமெரிக்க வணிக ஆணையம் 2024 பிப்ரவரியில் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

இத்தனையையும் ஏன் அடுக்குகிறேன் என்றால், ‘யார் நல்லவர்’ என்று தேடிக் கிளம்பினால் நீங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கடையைக் காலிசெய்துகொண்டே இருக்க வேண்டிவரும். வேறு ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இந்த உலாவி நிறுவனத்தின் கைக்கு நம் தகவல் வருகிறதா, வரவே வராதபடி கட்டியிருக்கிறார்களா? சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். திரட்டாத தகவலை எந்த நிர்வாகம் வந்தாலும் விற்க முடியாது. பயர்பாக்ஸில் நீங்கள் கணக்குத் தொடங்கி, புத்தகக்குறிகளையும் கடவுச்சொற்களையும் இரண்டு கணினிகளுக்கிடையே ஒத்திசைத்தால், அவை உங்கள் கணினியில் பூட்டப்பட்ட பிறகுதான் மொசில்லாவுக்குப் போகின்றன. சாவி அவர்களிடம் இல்லை. இது வாக்குறுதி அல்ல, கட்டுமானம். குரோமில் எல்லாத் தகவலுக்கும் அதே அளவு பூட்டு வேண்டுமென்றால் தனியாக ஒரு கடவுத்தொடரை நீங்களே அமைக்க வேண்டும். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இந்தக் கண்ணோட்டத்தில் என் ஆலோசனை: பயர்பாக்ஸிலேயே இருங்கள். ஆனால் நிறுவியபடியே விட்டுவைக்காதீர்கள். செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதிக்குப் போய், தொழில்நுட்பத் தகவலை மொசில்லாவுக்கு அனுப்புவதற்கான குறியை எடுத்துவிடுங்கள். ஆய்வுகளை நிறுவி நடத்த அனுமதிக்கும் குறியையும் எடுங்கள். விளம்பர அளவீடு என்று ஒன்று உங்கள் பதிப்பில் இருந்தால் அதையும். ஹோம் பகுதியில் கட்டணக் குறுக்குவழிகளையும் கட்டணச் செய்திகளையும் அணையுங்கள். தேடல் பகுதியில் கட்டணப் பரிந்துரைகளை அணையுங்கள். மொத்தம் ஐந்து நிமிட வேலை. 2025-இல் எடுக்கப்பட்ட அந்த வரி எதைக் குறித்ததோ, அதில் பெரும்பகுதியை இந்த ஐந்து நிமிடத்தில் நீங்களே திரும்ப எழுதிவிடுகிறீர்கள்.

இதோடு யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியைப் போடுங்கள். உங்கள் தொழிலுக்கு இது மிக முக்கியம். தேடுபொறியில் ‘பாஸ்போர்ட் விண்ணப்பம்’ என்று தேடினால், அரசுத் தளத்துக்கு மேலே அதைப் போலவே உடை உடுத்திய போலித் தளங்கள் விளம்பரமாக வந்து நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெளியுறவு அமைச்சகமே இவற்றின் பட்டியலை வெளியிட்டு எச்சரித்திருக்கிறது. அவசரத்தில் உதவியாளர் அதைச் சொடுக்கிவிட்டால், ஒரு குடும்பத்தின் பணமும் ஆவணமும் போய்விடும். அந்த விளம்பரங்களைக் கண்ணிலேயே படாமல் செய்துவிடும் இந்த நீட்சியின் முழு வடிவத்தைக் குரோம், நீட்சிகளுக்கான விதிகளை மாற்றி, 2024-இல் தொடங்கிப் படிப்படியாக அணைத்துவிட்டது. அங்கே இப்போது இளைத்த வடிவம் ஒன்றுதான் கிடைக்கும். பயர்பாக்ஸில் முழு வடிவம் இயங்குகிறது. நான் பயர்பாக்ஸை விட்டுப் போகாததற்கு இதுவே பாதிக் காரணம்.

மீதிப் பாதி கொஞ்சம் பெரிய விஷயம். வலைப்பக்கத்தை வரைந்துகாட்டும் இயந்திரங்கள் இன்று பரவலாக மூன்றுதான். குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி எல்லாம் கூகுள் முன்னின்று வளர்க்கும் ஒரே இயந்திரத்தின் மேல் ஓடுகின்றன. சஃபாரிக்கு ஆப்பிளின் இயந்திரம். மொசில்லாவின் கெக்கோ மூன்றாவது. குரோமிலிருந்து பிரேவுக்குப் போகிறவர் பஸ்ஸின் நிறத்தையும் ஓட்டுநரையும் மாற்றுகிறார்; அது பயனுள்ளதுதான், ஆனால் என்ஜின் அதே இடத்திலிருந்து வருகிறது. கெக்கோ நின்றுபோனால், இணையம் எப்படி இயங்க வேண்டும் என்பதை இரண்டே நிறுவனங்கள் முடிவுசெய்யும். மொசில்லாவின் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது; அந்த இயந்திரத்தின் மேல் பற்றும் இருக்கிறது.

ஆசிரியர் சொன்ன லிப்ரவுல்ஃப் அதே கெக்கோவைத்தான் பயன்படுத்துகிறது. தன்னார்வலர்கள் பயர்பாக்ஸை எடுத்து, மொசில்லாவுக்குத் தகவல் அனுப்பும் பகுதிகளை வெட்டியெறிந்து, பாதுகாப்பு அமைப்புகளை உச்சத்தில் வைத்துத் தருகிறார்கள். என் வீட்டுக் கணினியில் வைத்திருக்கிறேன், மதிப்போடு சொல்கிறேன். ஆனால் உங்கள் கடைக்கு வேண்டாம். கணினியின் தனி அடையாளம் வெளியே தெரியாமல் இருக்க, அது தளங்களிடம் நேர மண்டலத்தையே மாற்றிச் சொல்லும். காலை 10 மணிக்கு வந்த அஞ்சல் 4.30 என்று தெரியும். இன்னொரு சங்கடம், படத்தை உலாவிக்குள்ளேயே வெட்டிச் சரிசெய்யும் தளங்களில் வரும். ஒருமுறை என் அக்கா மகளின் விண்ணப்பத்துக்குப் புகைப்படம் ஏற்றினேன். வெட்டி முடித்துச் சேமித்ததும், முகம் இருந்த இடத்தில் வண்ண வண்ணக் கோடுகள், நெசவில் பாவு சிக்கியதைப் போல. படத் தகவலைத் தளம் படித்துவிடாமல் உலாவி கலைத்துப்போட்டிருந்தது. எனக்குக் காரணம் தெரியும், அனுமதி கொடுத்துவிட்டு மறுபடி ஏற்றினேன். கடைசி நாளன்று வரிசையில் 20 பேர் நிற்கும்போது உங்கள் உதவியாளர் என்ன செய்வார்? தவிர, லிப்ரவுல்ஃப் உயிர்வாழ்வது மொசில்லா எழுதும் நிரலால். ஆறு வற்றினால் வாய்க்காலிலும் தண்ணீர் இருக்காது.

சில அரசுத் தளங்களும் கைரேகைக் கருவிகளும் குரோம் வகை உலாவியைத்தான் ஏற்கும். அதற்கென்று மட்டும் பிரேவை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். மகனுக்கும் மகிழ்ச்சி.

சகோதரி, இதுவரை எழுதியது நீங்கள் கேட்டது. கேட்காத ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடித்தால் என் தொழிலுக்கு நான் உண்மையாக இருக்க மாட்டேன். 20 ஆண்டுகளுக்கு மேலாகக் கணினிப் பாதுகாப்பு வேலை பார்க்கிறேன். உங்கள் மையத்தைப் போன்ற இடங்களில் தகவல் கசிந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்றுகூட உலாவி நிறுவனத்தின் வழியாகக் கசிந்ததில்லை.

ஒருமுறை பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு கடையில் சான்றிதழ் ஒன்றுக்காக உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் தேநீர் வாங்கப் போனார். எனக்கு முன்னால் வந்த பையன், தன் விண்ணப்பத்தைத் தானே நிரப்புகிறேன் என்று விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ஆதார் எண் கட்டத்தில் சுட்டியை வைத்து, கைதவறிக் கீழ்நோக்கிய அம்புக்குறியைத் தட்டினான். கட்டத்துக்குக் கீழே ஒரு பட்டியல் விழுந்தது. பன்னிரண்டு இலக்க எண்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக, அவன் தட்டத் தட்ட நகர்ந்துகொண்டே போயின. அந்தக் கடைக்கு அதுவரை வந்தவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் நல்ல பையன். உடனே கையை எடுத்துக்கொண்டான்.

படிவங்களில் அடித்ததை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதிதான் அது. ஏறக்குறைய எல்லா உலாவிகளிலும் இருக்கிறது. நீங்கள் பிரேவுக்குப் போனாலும் இதை நீங்கள்தான் கவனிக்க வேண்டும். பயர்பாக்ஸில் தனியுரிமைப் பகுதியில் வரலாறு என்ற இடத்தில், தேடல் மற்றும் படிவ வரலாற்றை நினைவில் கொள்ளும் குறியை எடுங்கள். பழையதை அழியுங்கள். அதைவிட எளிய பழக்கம், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பிரைவேட் சாளரம் திறப்பது. வேலை முடிந்ததும் மூடிவிடுவது. அடுத்தவரின் மின்னஞ்சலோ டிஜிலாக்கரோ வெளியேறாமல் நிற்கும் தொல்லையும் போய்விடும்.

ஆனால் பிரைவேட் சாளரத்தை மூடினாலே இறக்கிய கோப்புகளும் போய்விடும் என்று நம்பிவிடாதீர்கள். டவுன்லோட்ஸ் கோப்புறைதான் எனக்கு உண்மையான பயம் தரும் இடம். இ-ஆதாரை இறக்கினால் பிடிஎஃப் கோப்பாக வருகிறது, கடவுச்சொல் இருக்கிறதே என்று இருந்துவிடுகிறோம். அந்தக் கடவுச்சொல் என்ன? பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள், பிறந்த ஆண்டு. கோப்புக்குப் பக்கத்திலேயே அதே ஆளின் சாதிச் சான்றிதழும் மாற்றுச் சான்றிதழும் கிடந்தால், பூட்டையும் சாவியையும் ஒரே ஆணியில் மாட்டியதாகிவிடும். அச்சிட்டுக் கையில் கொடுத்ததும் கோப்பை அழியுங்கள், மறுசுழற்சித் தொட்டியையும் காலிசெய்யுங்கள். முழு எண் தேவைப்படாத வேலைகளுக்கு, கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை இறக்குங்கள். இறக்கும்போதே அந்தத் தெரிவு இருக்கிறது. வேலை முடிந்தபின் தகவலை வைத்திருக்கக் கூடாது என்பது, நாடாளுமன்றம் 2023-இல் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று என்பதையும் நினைவில் வையுங்கள்.

தமிழில் அடிக்க உலாவியில் நீட்சி ஏதாவது போட்டிருக்கிறீர்களா? நிறுவும்போது ‘எல்லாத் தளங்களிலும் உள்ள தகவலைப் படிக்கவும் மாற்றவும்’ அது அனுமதி கேட்டிருக்கும்; நாமும் சரி என்று சொல்லியிருப்போம். அந்த அனுமதி உள்ள நீட்சியால் நீங்கள் அடிக்கும் ஒவ்வோர் எழுத்தையும் பார்க்க முடியும். எழுதியவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் என் அலுவலகத்தில் நாங்கள் ஆண்டுக்கணக்கில் நம்பிய சிறிய நீட்சி ஒன்று சத்தமில்லாமல் வேறு ஒருவர் கைக்கு மாறியது. ஒரு நாள் காலையில் எங்கள் தேடல்களெல்லாம் முன்பின் தெரியாத தளத்துக்குத் திரும்பின. எங்களுக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை. தமிழ்த் தட்டச்சுக்கு விண்டோஸிலேயே உள்ள விசைப்பலகையோ, கணினியில் நிறுவும் இ-கலப்பையோ போதும். உலாவியில் யூபிளாக் ஆரிஜின் தவிர வேறு எந்த நீட்சியும் வேண்டாம். குரோம் எங்காவது பயன்படுத்தினால், அதில் ‘மேம்பட்ட எழுத்துப்பிழை திருத்தம்’ என்பதை அணைத்துவையுங்கள். அது இயங்கினால் நீங்கள் அடிக்கும் வாசகம் கூகுளுக்குப் போகும். தட்டச்சு செய்வதெல்லாம் நிறுவனத்துக்குப் போகிறது என்று நீங்கள் பயர்பாக்ஸைப் பற்றிப் பயந்தீர்களே, அது நிஜமாகவே நடக்கும் இடம் இது.

கடவுச்சொற்களை உலாவியில் சேமிக்கும் வழக்கம் இருந்தால், பயர்பாக்ஸில் பிரைமரி பாஸ்வேர்டு ஒன்றை அமைத்துவிடுங்கள். வேறு உலாவிக்குக் கடவுச்சொற்களை மாற்றும்போது இடையில் ஒரு கோப்பு உருவாகும். அதில் எல்லாம் வெறும் எழுத்தாகவே இருக்கும், யாரும் திறந்து படிக்கலாம். மாற்றி முடித்த அந்த நிமிடமே அதை அழியுங்கள்.

கடைசியாக, வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். ‘இந்த உலாவி விற்காது’ என்று இனிச் சொல்லாதீர்கள். அது உங்கள் கையில் இல்லாத ஒன்றுக்கு நீங்கள் கொடுத்த உத்தரவாதம். நல்ல மனதோடு கொடுத்தீர்கள், அவர்கள் காப்பாற்றவில்லை. உங்கள் கையில் உள்ளதைச் சொல்லுங்கள். ‘உங்கள் காகிதம் அச்சானதும் இந்தக் கணினியிலிருந்து அழித்துவிடுவேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி, திரையை அவர்கள் பக்கம் திருப்பி, அவர்கள் கண்முன்னால் அழியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அது புரியும். அதை ஓர் அட்டையில் எழுதி மேசை மேல் வைத்தால் உங்கள் உதவியாளருக்கும் மறக்காது.

இன்று கடை சாத்துவதற்கு முன் டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்து பாருங்கள். 11 ஆண்டுகளில் எத்தனை பேருடைய ஆவணங்கள் அங்கே சேர்ந்திருக்கின்றன என்று எண்ணிவிட்டு எனக்கு எழுதுங்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டாம். முழுவதையும் மொத்தமாகப் பாதுகாப்பாக அழிக்கும் வழியை அடுத்த கடிதத்தில் சொல்லித்தருகிறேன்.